இடது கால் மெட்டி

ராஜபாளையம்
9.6.2024

அன்புத் தம்பி விஜயபாண்டிக்கு,

அக்கா வெங்கடேஸ்வரி எழுதுகிறேன். இங்கே உன் மச்சான், அத்தை, குட்டி மகாலட்சுமி எல்லோரும் சௌக்கியம். நானும் சௌக்கியம், என் இடது காலைத் தவிர. அந்தப் பனியில் நீ எப்படி இருக்கிறாய்? வாரத்துக்கு ஒரு தடவை கிடைக்கிற ஃபோனில் நாம் இரண்டு பேரும் "சாப்பிட்டியா, சாப்பிட்டியா" என்று மாறி மாறிக் கேட்டே முடித்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம்.

வழக்குப் போட்டுவிட்டேன். போன வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தாயிற்று. வக்கீல் பெயர் கிருபாபாய். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிற அம்மா. "பிரசவம் நடந்து மூணாம் நாள் உங்க கால் வீங்குச்சு, சொன்னீங்க, டாக்டர் ஸ்கேன் எடுக்கல, வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. காலுல உறைஞ்ச ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைச்சிருச்சு. இதுதானே கேஸு?" என்றார். இதேதான் என்றேன். மகாலட்சுமிக்குப் பெயர் வைத்த மறுநாள் நான் மூச்சு முட்டி விழுந்ததும், மதுரைப் பெரியாஸ்பத்திரியில் என்னைப் பிழைக்க வைத்ததும் உனக்குத் தெரிந்த கதை.

பேண்டேஜ் கம்பெனியில் என்னை நிறுத்திவிட்டார்கள். தறிக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும், என்னால் அரை மணி நிற்க முடியவில்லை. இந்த வெயிலில் தொடை வரைக்கும் இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டு திரிகிறேன். ஊருக்கெல்லாம் கட்டுப்போடத் துணி நெய்தவள் நான். நல்லா இருக்குல்ல?

அந்த டாக்டரம்மா உனக்குப் பூ வைத்திருக்கும் கார்த்திகாவுக்குப் பெரியம்மா என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் போட்டேன். கோபப்படாதே. ஆஸ்பத்திரியில் நீயும் நானும் செய்ததை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளியை ஒழுங்காகச் சுற்று.
அக்கா

*

முகாம்
2.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

விஜயபாண்டி வணக்கம். உன் கடிதம் கைக்கு வந்தது. கால் வலி எப்படி இருக்கிறது? குட்டி பேசுகிறாளா? இங்கேயும் ஆனி மாதம்தானாம், எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் வாளியில் கல்லாக நிற்கிறது.

இங்கே எங்களை ஒரே இடத்தில் உட்கார விடுவதில்லை. இந்த உயரத்தில் ரத்தம் உறைந்துவிடும் என்று ராணுவ டாக்டர் கத்திக்கொண்டே இருக்கிறார். ஒருத்தன் கெண்டைக்கால் வலிக்கிறது என்றாலே அவனை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கீழே இறக்கிவிடுகிறார்கள். அப்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்வேன்.

வழக்கைப் பற்றி யோசித்தேன். அக்கா, கோர்ட் கேஸ் என்றால் வருஷக்கணக்காக இழுக்கும். நீயோ நிற்க முடியாதவள். டாக்டரம்மா யாரோ எவரோ இல்லை. பேசித் தீர்த்துக்கொள்ள வழி இருந்தால் பார்க்கலாமே? நீ யோசித்துச் செய்.

மச்சானுக்கும் அத்தைக்கும் என் வணக்கம்.
தம்பி

*

ராஜபாளையம்
28.7.2024

தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல். யோசித்தேன். யோசித்து முடித்தாயிற்று.

உங்கள் மலையில் ஒரு சிப்பாய்க்குக் கெண்டைக்கால் வலித்தால் கீழே இறக்குகிறார்கள். ராஜபாளையத்தில் எனக்கு வலித்தபோது தைலம் கொடுத்தார்கள். "ஆபரேஷன் பண்ணின உடம்பு, நீர் கோர்க்கத்தான் செய்யும், சின்னப் பிள்ளை மாதிரி அழாதம்மா" என்றார் உன் டாக்டரம்மா. ஆமாம், உன் டாக்டரம்மா. பேசித் தீர்க்கச் சொல்கிறாயே!

இன்னும் கேள். ஆஸ்பத்திரியின் பதில் மனு வந்துவிட்டது. கிருபாபாய் வாசித்துக் காட்டினார். வீட்டுக்கு அனுப்பும்போது காலில் வீக்கமே இல்லையாம். வீட்டில் பழைய வழக்கப்படி தீட்டுக் கழியும்வரை என்னை நடக்க விடாமல் படுக்கையிலேயே போட்டிருந்தார்களாம். அதனால்தான் ரத்தம் கட்டியதாம். குற்றம் அவர்கள் மேல் இல்லை, எனக்குப் பேறுகாலம் பார்த்தவர் மேலாம்.

பார்த்தது யார்? நம் அம்மா இல்லாததால் என் மாமியார்தான் பார்த்தார். சுடலைமாடத்தி என்று பெயர் போட்டே எழுதியிருக்கிறார்கள்.

உன் மச்சான் வாய் சும்மா இருக்காமல் சோற்றுத் தட்டு முன்னால் இதைச் சொல்லிவிட்டார். அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ நாந்தான் இவ காலக் கெடுத்தனா அழகுராஜா?" என்று கேட்டார். "இல்லம்மா, அவிய எழுதியிருக்காவ" என்று இவர் சொன்னது அவர் காதில் விழவே இல்லை. அன்றிலிருந்து அத்தை பிள்ளையை இடுப்பில் தூக்குவதில்லை. அது கையை நீட்டி அழுகிறது, அத்தை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

நான் தினமும் நடந்தேன், தம்பி. அத்தைதான் கையைப் பிடித்துக் கொல்லை வரைக்கும் நடத்திக்கொண்டு போவார்.

அக்கா

*

முகாம்
1.9.2024

அக்காவுக்கு,

நான் நலம். கடிதம் கிடைத்தது. அத்தையைப் பற்றி எழுதியிருந்தது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அவரிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல். இங்கே வேலை அதிகம். குட்டிக்கு என் முத்தம்.

தம்பி

*

ராஜபாளையம்
22.9.2024

அன்புத் தம்பிக்கு,

சுகமா? உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று. சரி, வேலை அதிகம்.

சோழபுரத்துத் தங்கப்பாண்டியன் பெரியப்பா வந்திருந்தார். டாக்டரம்மா நல்ல தொகை தரத் தயாராம். "சிகிச்சையில் குறை எதுவும் இல்லை" என்று எழுதி ஒரு கையெழுத்து மட்டும் நான் போட வேண்டுமாம். "ரூவா வந்தா போதாதா, கையெழுத்துல என்ன ஏட்டி இருக்கு?" என்றார். "கையெழுத்துல எங்க அத்தை இருக்காவ பெரியப்பா" என்றேன். காபியை முழுதாகக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். போகட்டும்.

இப்போது ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு போட்டோவைக் கொடுத்திருக்கிறார்கள். மகாலட்சுமிக்குப் பெயர் வைத்த அன்று எடுத்தது. நம் சொந்தக்காரர்கள்தான் யாரோ கொடுத்திருக்க வேண்டும். நான் நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்திருக்கிறேன், இரண்டு காலிலும் மெட்டி. "கால் முன்பே வீங்கியிருந்தால் மெட்டியை வெட்டித்தானே எடுத்திருக்க வேண்டும்? இதோ கல்யாண மெட்டி அப்படியே இருக்கிறதே" என்று கேட்கிறார்கள்.

உனக்கும் எனக்கும் தெரியும். அந்த மூன்றாம் நாள் மெட்டி விரலில் புதைந்து தோல் கிழிந்தது. புருஷன் இருக்கும்போது மெட்டியை வெட்டுவதா என்று அத்தை துடித்துப்போவார், அதனால் சொல்லவே கூடாது என்று நாம் முடிவு செய்தோம். நீ எதிர் ஒர்க்‌ஷாப்பில் கட்டிங் பிளேயர் வாங்கி வந்து வெட்டினாய். பஜாருக்கு ஓடி அதே மாங்காய் போட்ட மெட்டியைப் பெரிய அளவில் வாங்கி வந்து மாட்டினாய். அத்தை வருவதற்குள் முடித்தோம் என்று எத்தனை சந்தோஷம் நமக்கு! நர்ஸ்கூடச் சிரித்தாள். எந்தச் சாட்சி என்னைக் காப்பாற்றுமோ அதை நாமே மறைத்துவிட்டு வந்திருக்கிறோம். நம்மைப் போல முட்டாள்கள் உண்டா?

பயந்துகொண்டு மனுவில்கூட நான் எழுதவில்லை. இப்போது கிருபாபாயிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். மதுரை டாக்டர் தெளிவாக எழுதிக் கொடுத்திருக்கிறாராம், வீட்டுக்கு அனுப்பும் முன்பே கால் வீங்கியிருந்தால் ஸ்கேன் எடுக்காதது பெரிய தப்பு என்று. கேஸே அந்த ஒரு கேள்வியில் நிற்கிறதாம், வீக்கம் எப்போது வந்தது என்பதில். "வெட்டினது யாரும்மா? அவரைக் கூப்பிடு" என்றார்.

வெளியூர் ஆள், வர மாட்டார் என்று சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

*

ராஜபாளையம்
6.11.2024

விஜயபாண்டிக்கு,

தீபாவளிக்கு நீ ஃபோன் செய்தாய், மச்சானிடம் பேசினாய், நான் வருவதற்குள் லைன் போய்விட்டது என்றார். கடிதத்துக்கும் பதில் இல்லை. நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நேற்று கார்த்திகா வந்தாள். சேத்தூரிலிருந்து பஸ் ஏறித் தனியாகவே வந்திருக்கிறாள். நான் திண்டாடிப்போனேன். டீ போடக்கூடத் தோன்றவில்லை. அவளே அடுப்படிக்குள் வந்து நின்றுகொண்டு பேசினாள்.

"மதினி, உங்க தம்பி உங்ககிட்ட சொன்னாரா?"

"என்ன சொன்னான்?"

"சொல்லியிருக்க மாட்டாரு. சாட்சிக்கு வந்தா கல்யாணம் கிடையாதுன்னு எங்க பெரியம்மா அவருக்கு ஃபோன் போட்டுச் சொல்லியாச்சு. ஜூன்லயே சொல்லியாச்சு. எனக்கு இப்பத்தான் தெரியும்."

ஜூனிலேயே! நீ எனக்குப் "பேசித் தீர்க்கலாமே" என்று எழுதியது ஜூலையில். ஏலே, அக்காவிடம் சொல்ல உனக்கு வாய் இல்லையா? அதைச் சொல்லியிருந்தால் உன்னைத் திட்டாமலாவது இருந்திருப்பேன்.

அவள் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "என்னைய கயிறா வச்சு அவரக் கட்டிப்போடப் பாக்காவ மதினி. அப்படியொரு கல்யாணம் எனக்கு எதுக்கு? அக்காளுக்காக வாயத் தொறக்காத ஆளு நாளைக்கு எனக்காகத் தொறப்பாரா? வரச் சொல்லுங்க. வந்தா பெரியம்மாகிட்ட நான் பேசிக்கிடுதேன். வரலன்னா நானே வேணாம்னு சொல்லிருவேன்."

கடைசி பஸ்ஸுக்கு முன்னால் போய்விட்டாள். உனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது, அதை மட்டும் சொல்கிறேன். நான் உன்னை வா என்று கேட்கவில்லை. இதுவரை கேட்டதும் இல்லை.

அக்கா

*

முகாம்
1.12.2024

அக்கா,

மூன்று மாதம் எழுதாமல் இருந்ததற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. எழுதினால் பொய் எழுத வேண்டியிருந்தது. அதனால் எழுதவில்லை.

நீ கேட்டிருந்தால் எப்போதோ வந்திருப்பேன். நீ கேட்கவில்லை என்பதையே சாக்காக வைத்துக்கொண்டேன். கார்த்திகா எனக்கும் ஃபோன் செய்தாள். மூன்று நிமிஷமும் அவள்தான் பேசினாள். பக்கத்தில் லைனுக்காக நின்ற பையன்கள் எல்லாம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வெட்டிய மெட்டித் துண்டுகள் என்னிடம் இருக்கின்றன. அன்று சட்டைப் பையில் போட்டேன். மெட்டியைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. ரயில் ஏறும்போது பர்ஸுக்கு மாற்றினேன், இப்போது என் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. ஹெலிகாப்டரில் கீழே போகிற ஒருத்தரிடம் கொடுத்து கிருபாபாய் மேடத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தலைமை முகாமுக்குக் கீழே பாதை மூடிவிட்டதால் லீவு கிடைக்காது. ஆனால் தலைமை முகாமில் வீடியோவில் சாட்சி சொல்ல அனுமதி கேட்டிருக்கிறேன். எங்கள் அதிகாரி கேட்டுவிட்டு, "நம்ம ஆட்களுக்கு வலித்தால் இறக்குகிறோம். உன் அக்காவை ஏன் இறக்கவில்லை?" என்றார். அனுமதி கிடைக்கும்.

அத்தையிடம் நீ சொல்லித்தான் ஆக வேண்டும். கோர்ட்டில் கேட்டு அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

தம்பி

*

ராஜபாளையம்
22.12.2024

அன்புத் தம்பிக்கு,

நல்லா இரு. வயிறார வாழ்த்துகிறேன்.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, காலை நீட்டி, இது நீங்கள் எடுத்துக் கொடுத்த மெட்டி இல்லை, அதை ஆஸ்பத்திரியிலேயே வெட்டியாயிற்று என்றேன். கீரைக் கட்டு அப்படியே கையில் நின்றது. ஒரே அழுகையாக இருக்கும் என்று பயந்தேன். நடந்தது வேறு.

"ஏட்டி கூறுகெட்டவளே! மெட்டிய வெட்டுற அளவுக்கா கால் அங்கேயே வீங்குச்சு? மெட்டி போனா இன்னொரு மெட்டி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த டாக்டரு கழுத்துல கெடக்கற குழாயப் புடிச்சி இழுத்து, பாரு இந்தக் காலைன்னு காட்டியிருப்பேனே! எனக்குப் பயந்தா மறைச்ச? என்னைய அம்புட்டுக் கேவலமாவா நெனச்ச?"

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். கீரையை என் மேலேயே வீசினார். பிறகு என் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, அந்த விரலில் இருக்கும் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தார். "வலிச்சிச்சா?" என்று கேட்டார். அப்போதுதான் நான் அழுதேன்.

விசாரணை பிப்ரவரியில். அத்தையும் வருவாராம். "எம்பேரப் போட்டு எழுதியிருக்காவல்ல, நான் இல்லாம எப்படி?" என்கிறார்.

அக்கா

*

முகாம்
25.1.2025

அக்காவுக்கு,

நலம். அனுமதி வந்துவிட்டது. விசாரணைக்கு இரண்டு நாள் முன்னாலேயே தலைமை முகாமுக்கு இறங்கிவிடுவேன். அங்கும் லைன் அடிக்கடி அறுந்துபோகும், நடுவில் போனால் பதறாதே. கார்த்திகாவின் பெரியம்மாவிடமிருந்து இன்னொரு ஃபோன் வந்தது. சாட்சி சொல்லத்தான் போகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தம்பி

*

ராஜபாளையம்
16.2.2025

என் ராசா தம்பிக்கு,

சுகமாக முகாமுக்குத் திரும்பினாயா? நீ பார்த்ததும் பார்க்காததும் எல்லாம் எழுதுகிறேன்.

டாக்டரம்மாவின் வக்கீல் உன்னை மடக்கிய இடம் எனக்கு மனப்பாடம். "வீட்டுப் பேறுகால அறையில் படுத்தே கிடந்து கால் வீங்கியது. வீட்டில் வைத்து வெட்டியதை ஆஸ்பத்திரியில் வெட்டியதாக மாற்றிச் சொல்கிறீர்கள்" என்றாரே! எனக்கு உயிர் போய்விட்டது. நீ சொன்னாய்:

"சார், அக்கா வீட்டுக்கு வந்ததையே நான் பாக்கல. அவ ஆஸ்பத்திரியில இருக்கும்போதே லீவு முடிஞ்சு ரயில் ஏறிட்டேன். பேர் வச்ச அன்னைக்கு யூனிட்ல டூட்டியில இருந்தேன். என் லீவு பேப்பர் மேடம் கையில இருக்கு. வீட்டுல வச்சு நான் எப்போ சார் வெட்டுறது?"

அவ்வளவுதான், உன் முகம் திரையில் அப்படியே நின்றுபோய்விட்டது, வாய் பாதி திறந்தபடி. லைன் போயிற்று. இனிமேல் நடந்தது உனக்குத் தெரியாது.

அந்த வக்கீல் விடவில்லை. கிருபாபாய் மேஜையில் வைத்த மெட்டித் துண்டுகளைக் காட்டி, "இது இந்த அம்மாவுடைய மெட்டிதான் என்பதற்கு என்ன ஆதாரம்? கடையில் வாங்கி வெட்டிக் கொண்டுவந்திருக்கலாமே" என்றார். கிருபாபாய் எழுந்தார். அதற்குள் பின்னால் நாற்காலி சரிகிற சத்தம்.

அத்தை எழுந்து வந்துகொண்டிருக்கிறார். "அம்மா, உட்காருங்க" என்று யாரோ சொன்னார்கள். "செத்த நேரம் இருங்க" என்று கையைக் காட்டிவிட்டு நேராக என் காலடியில் வந்து உட்கார்ந்தார். என் வலது காலைப் பிடித்தார். அந்த மெட்டியைக் கழற்றினார். பிறகு இடது கால் மெட்டியையும் கழற்றினார். தம்பி, என் மாமியார், தன் மகன் பக்கத்திலேயே நிற்கும்போது, அத்தனை பேர் முன்னால் என் இரண்டு காலையும் வெறுமையாக்கினார். உன் மச்சான் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

எழுந்து, மேஜையில் ஒவ்வொன்றாக வைத்தார்.

"ஐயா, வலது காலுது நான் கல்யாணத்துக்கு எடுத்துக் குடுத்தது. இந்த வெட்டுன துண்டு அதோட ஜோடி. ரெண்டு மாங்காய்க்கும் காம்பு உள்பக்கமா வளைஞ்சிருக்கும், நான் சொல்லிச் செஞ்ச வேலை. கடையில இப்படிக் கெடைக்காது. இந்தா இருக்கே இடது கால் மெட்டி, இதுல காம்பே கெடையாது. எம்புட்டுப் பெரிசுன்னும் பாருங்க. எம்மருமவ காலு ஆஸ்பத்திரியில எம்புட்டு வீங்கியிருந்தா அவ தம்பி இம்புட்டுப் பெரிசா வாங்கியிருப்பான்? நான் அவளப் படுக்கப்போட்டுக் கெடுத்தேன்னு எழுதியிருக்காவளே, இத மொதல்ல அளக்கச் சொல்லுங்க."

ஆணையத் தலைவர் துண்டுகளை எடுத்து வலது கால் மெட்டியோடு சேர்த்துப் பார்த்தார். உறுப்பினர் அம்மாவிடம் கொடுத்தார். அந்த அம்மா தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டதை நான் கண்டேன். டாக்டரம்மா வந்திருந்தார். தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெட்டிகளை அவர்களே வைத்துக்கொண்டார்கள். நான் மெட்டி இல்லாத காலோடு நடக்க, எல்லோருமாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். பால்கோவாக் கடை வாசலில் நின்று, "ஒரு பொட்டலம் வாங்கு, எனக்குப் பசிக்கி" என்றார் அத்தை.

உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.
அக்கா

*

ராஜபாளையம்
11.5.2025

ஆவணியில் கார்த்திகாவுக்கு மாப்பிள்ளையாகப் போகிற அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். கார்த்திகா அவள் வீட்டில் பேசிவிட்டாள். பெரியம்மா கல்யாணத்துக்கு வர மாட்டாராம். "பந்தியில ஒரு இலை மிச்சம்" என்று சிரிக்கிறாள்.

தீர்ப்பு வந்துவிட்டது. வீக்கம் வீட்டுக்கு அனுப்பும் முன்பே இருந்தது, ஸ்கேன் எடுக்காதது ஆஸ்பத்திரியின் குறை, இழப்பீடு தர வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அதோடு ஒரு வரி: வீட்டில் பேறுகாலம் பார்த்தவர் மேல் எந்தத் தவறும் இல்லை. அந்த ஒரு வரியை உன் மச்சான் எத்தனை தடவை வாசித்தார் என்று கேட்காதே. வாசித்து முடிக்கும்போது மகாலட்சுமி அத்தையின் இடுப்பில் இருந்தாள். யார் தூக்கி வைத்தது என்று நாங்கள் பார்க்கவில்லை.

அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போகிறார்களாம். போகட்டும். எனக்குக் கால்தான் வீங்கும், மனசு இல்லை. கிருபாபாயிடம் தேதி சொல்லுங்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அதனால் மெட்டிகள் இன்னும் திரும்பி வரவில்லை. உன் மச்சான் புதுசு வாங்கித் தருகிறேன் என்றார், அத்தை விடவில்லை. நேற்றுத் தெருவில் ஒரு அம்மா என் காலைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "என்ன சுடலைமாடத்தி, மவன் குத்துக்கல்லாட்டம் இருக்கான், மருமவ காலு மொட்டையா இருக்கு?"

அத்தை பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினார்.

"எம்மருமவ மெட்டி கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போயிருக்கு. ஜெயிச்சுட்டுத்தான் வரும்" என்றார்.

அக்கா